சிறிய நினைவகத்திற் செயலி அமைத்தல்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளின் பெயரைத் தலைவர் அவர்கள் வாசித்தபோது முன்வரிசையிலிருந்த பெரியோர் சிலர் ஒருவரையொருவர் நோக்கி முறுவலித்ததைக் கண்டோம். கையடக்கத் தொலைபேசிக்குச் செயலி அமைப்பது இளைஞர் பாடு, அதில் நமக்கென்ன என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் இவ்வுரையின் பெரும்பகுதி சிக்கனத்தைப் பற்றியதேயாம். சிக்கனத்தைப் பற்றிப் பெரியோர்க்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே அவர்கள் கேட்டிருந்து, பிழை கண்டவிடத்துத் திருத்துவார்களாக.

முதலில் நமது தவறு ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் நால்வராகச் சேர்ந்து ஒரு சிறு வாசிகசாலைக்குச் செயலி ஒன்று அமைத்தோம். நூலின் பெயர், ஆசிரியர், இரவல் பெற்றவர், திருப்பித் தரவேண்டிய நாள் ஆகிய இவ்வளவுந்தான் அதிற் பதியவேண்டியன. நம்மிடம் இருந்தவை புதிய தொலைபேசிகள். அவற்றிற் செயலி மிக நன்றாக ஓடியது. நூல்களின் மேலட்டைப் படங்கள் வரிசையாக வந்து நின்றன; விரலாற் தள்ளியவுடன் வழுக்கிக்கொண்டு சென்றன. பெருமிதத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட ஐயாவிடம் இருந்ததோ மகன் பாவித்துக் கழித்த பழைய அண்ட்ரோயிட் தொலைபேசி. 512 மெகாபைற்று நினைவகம் உடையது. அவர் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்து, பழைய கொப்பியிற் கிடந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிந்தார். எல்லாம் முடிந்தபின் 'சேமி' என்னும் பொத்தானை ஒருமுறை அழுத்தினாற் போதும் என்று நாமே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அழுத்துவதற்கு முன் ஓர் அழைப்பு வந்தது. பேசி முடித்துத் திரும்பினார். செயலி முதற் பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்கியது. பதிந்தவற்றுள் ஒன்றும் இல்லை.

நாம் போனபோது அவர் கோபிக்கவில்லை. "தம்பியவை, கோல் வந்தால் என்ரை கொப்பி அழியாது" என்று மாத்திரம் சொன்னார். கோபித்திருந்தாற் சுகமாயிருந்திருக்கும்.

நடந்தது என்ன என்பதை விளக்குவோம். தொலைபேசியில் இருவகை இடங்கள் உண்டு. ஒன்று, படங்களும் கடிதங்களும் நிலையாகக் கிடக்கும் களஞ்சியம். மற்றது, வேலை நடக்கும்போது பொருள்களைப் பரப்பி வைக்கும் மேசை போன்ற நினைவகம். இதனை றாம் என்றுஞ் சொல்வர். மின்சாரம் அற்றால் இரண்டாவதில் உள்ளவை அழியும். மேசை நிறைந்துவிட்டாற் பணிசெயல் முறைமை என்ன செய்கின்றது? பாவிப்போனின் கண்முன் நில்லாத செயலிகளைத் தேடி, அவற்றின் ஓட்டத்தை நிறுத்தி, இடத்தை எடுத்துக்கொள்கின்றது. செயலியிடம் இசைவு கேட்டு நிற்பதில்லை. அழைப்பு வந்தபோது நமது செயலி பின்னே போயிற்று. நூலட்டைப் படங்களால் அது பெருத்துக் கிடந்தமையால் முதலில் வெளியேற்றப்பட்டதும் அதுவேயாயிற்று. ஐயா பதிந்த பெயர்கள் யாவும் அந்த மேசையிலேதான் கிடந்தன. அண்ட்ரோயிட்டின் விதிகளில் இது ஒளிவு மறைவின்றி எழுதப்பட்டுள்ளது. செயலி பின்னே செல்லும் கணத்திற் காக்கவேண்டியவற்றைக் காத்துக்கொள் என்று அது சொல்கின்றது. நாம் வாசித்திருந்தோம், ஆனால் நமது புதிய தொலைபேசிகளில் அப்படி நேர்ந்ததே இல்லை என்று வாளாவிருந்துவிட்டோம்.

அந்த வெட்கத்தினால் நாம் பழைய காலத்துச் சிறு கருவிகளை ஆக்கியோர் எவ்வாறு வேலை செய்தனர் என்று தேடிப் படிக்கலானோம். படிக்கப் படிக்க வியப்பே மிகுந்தது.

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பைலற் 1000 என்னும் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தது. பின்னர் பாம் பைலற் என்று பெயர் பெற்ற வரிசையில் முதலாவது அது. அதனை ஆக்குவித்த ஜெப் ஹோக்கின்ஸ் என்பார், கருவி உருவாகுமுன் அதே அளவான மரத்துண்டொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. யாரேனும் ஒரு நாளிற் சந்திக்கக் கேட்டால் அம்மரத்துண்டை எடுத்து, எழுதுவது போற் பாவனை செய்வார். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் அறிந்துகொண்டது இவ்வாறே. அந்தக் கருவியில் இருந்த முழு நினைவகமும் 128 கிலோபைற்றுத்தான். ஐயாவின் பழைய தொலைபேசியில் அதைப்போல் 4,096 மடங்கு இருந்தது. அந்த 4,096 மடங்கிலும் நம்மால் ஒரு பெயர்ப்பட்டியலைக் காப்பாற்ற முடியவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாம் கருவியிலே தற்காலிக வேலைகளுக்கென ஒதுக்கப்பட்டது முதலில் 32 கிலோபைற்று மாத்திரமே. அதிலும் பணிசெயல் முறைமை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய நினைவகம் தரவுகளைச் சேமிக்கும் இடம். மேசைக் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தால், களஞ்சியத்திலிருந்து ஒரு பிரதி நினைவகத்துக்கு வரும்; நாம் பிரதியைத் திருத்தி, பின்னர் மீண்டும் எழுதிவைப்போம். 32 கிலோபைற்று உள்ளவனுக்குப் பிரதி எடுக்க இடமேது? ஆகவே பாம் கருவியிற் பதிவு கிடக்கும் இடத்திலேயே அதனைத் திருத்தினர். ஒருவருடைய விலாசத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் அது அங்கேயே மாறிவிடும். அதனால் விளைந்த பயன் ஒன்றைக் கேளுங்கள்: அக்கருவியின் விலாசப் புத்தகத்தில் 'சேமி' என்னும் பொத்தானே கிடையாது. வேறு வேலைக்குத் தாவினாலும் எழுதியது எழுதியபடி இருக்கும். வறுமையினாற் செய்த ஏற்பாடு பாவிப்போனுக்கு வரமாக முடிந்தது. நாம் எத்தனையோ ஆண்டுகள் கழித்து, வளம் மிகுந்த கருவியில், அந்தப் பொத்தானை வைத்து ஒரு முதியவரின் பிற்பகலைப் போக்கடித்தோம்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. இம்மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே பத்துக் கதிரைகள் வெறுமையாய் இருக்கின்றன. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஐந்துபேர் உள்ள குடும்பம் ஒன்று வந்து, சேர்ந்தே இருக்கவேண்டும் என்றால் இடமில்லை. நினைவகமும் இப்படித்தான், எடுத்தும் விட்டும் பழகப் பழகத் துண்டு துண்டாகச் சிதறிப்போகும். மொத்தத்தில் இடம் இருந்தும் வேண்டிய அளவு தொடர்ச்சியாக இராது. பாம் அமைப்பில் இதற்கு ஒரு வழி வைத்தனர். செய்நிரலுக்கு இடத்தின் நேர் விலாசத்தைக் கொடுக்காமல், ஒரு சீட்டைக் கொடுப்பர். வேலை இருக்கும்போது மாத்திரம் சீட்டைக் காட்டி, இடத்தைப் பூட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் பூட்டைத் திறந்துவிட வேண்டும். பூட்டப்படாதவற்றை முறைமை தன் விருப்பப்படி நகர்த்தி, வெற்றிடங்களை ஒருசேர ஆக்கிக்கொள்ளும். மண்டபத்திற் தொண்டர்கள் வந்து, "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று சொல்வதில்லையா, அதுவேதான். பூட்டிய இடத்தைத் திறவாமல் விட்டவன், தான் எழும்பிப் போனபின்பும் கதிரையிற் சால்வையைப் போட்டு வைத்தவனுக்கு ஒப்பானவன்.

சால்வை என்றதும் சிம்பியன் நினைவுக்கு வருகின்றது. பிரித்தானியாவின் சயன் கம்பனி சிறு கைக்கணினிகளுக்கென ஆக்கிய பணிசெயல் முறைமையிலிருந்து பிறந்தது அது. 1998இல் சயன், நொக்கியா, எரிக்சன் முதலிய கம்பனிகள் கூடி அதற்கெனத் தனிக் கம்பனி அமைத்தன. மேசைக் கணினியை இரவில் அணைத்துவிடுகின்றோம்; அதனுடன் அன்றைய கசிவுகள் யாவும் ஒழிந்துபோகும். தொலைபேசியை யார் அணைக்கின்றார்? மாதக்கணக்காக அது விழித்தே இருக்கும். ஒரு செயலி தான் எடுத்த நினைவகத்தில் நூறு பைற்றைத் திருப்பிக் கொடுக்க மறந்தால், அது ஒவ்வொரு முறையும் மறக்கும். ஓட்டைக் குடத்து நீர் போல ஒருநாள் எல்லாம் வடிந்துவிடும். இதற்கு அஞ்சிய சிம்பியன் ஆக்குநர் கடுமையான ஒழுங்கு ஒன்றை வகுத்தனர். நினைவகம் எடுக்கும் எந்த வேலையும் நடுவழியில் முறியலாம் என்று எண்ணியே எழுதவேண்டும். எடுத்த ஒவ்வொன்றையும் ஒரு துப்புரவு அடுக்கிற் பதிந்து வைக்கவேண்டும். வேலை முறிந்தால், முறைமை அந்த அடுக்கை மேலிருந்து கீழாகப் பார்த்து யாவற்றையும் விடுவித்துவிடும். பரீட்சைக்காக ஓட்டும்போது, செயலி முடியும் நேரத்தில் எடுத்ததும் கொடுத்ததும் சரிபார்க்கப்படும்; ஒன்று குறைந்தாலும் அவ்விடத்திலேயே நிறுத்திக் குற்றஞ் சாட்டும்.

அதனினும் நமக்குப் பிடித்தது வேறொன்று. நினைவகம் தாராளமாக இருக்கும்போதே, இல்லை என்று பொய் சொல்லும்படி முறைமைக்குக் கட்டளை இடலாம். முதல் முறை கேட்கும்போது இல்லை என்று சொல்; அடுத்த ஓட்டத்தில் இரண்டாம் முறை கேட்கும்போது இல்லை என்று சொல்; இவ்வாறு ஒவ்வொரு படியிலும் செயலியை வறுமைக்கு ஆளாக்கி, அது நிலைகுலையாமல் நிற்கின்றதா என்று பார்ப்பர். சிம்பியனில் எழுதுவது பெருந் தொல்லை என்று அக்காலத்தில் எழுதியோர் பலர் முறையிட்டனர். அம்முறைப்பாட்டில் நியாயமும் உண்டு. ஒரு சிறு சொற்றொடரைக் கையாளவே பலவகைப் பெயர்களைக் கற்கவேண்டியிருந்தது. ஆயினும் அந்தப் பரீட்சை முறையை மாத்திரம் இன்றைய இளைஞர் கைவிட்டது நட்டமே என்பது நம் கருத்து.

2000ஆம் ஆண்டளவில் யாவா மொழி சிறு தொலைபேசிகளுக்குள் நுழைந்தது. அதற்கென வகுத்த அடிப்படை விதியில், கருவிக்கு ஆகக் குறைந்தது 160 கிலோபைற்று நினைவகம் போதும் என்றனர். அதனை ஓட்டும் பொறிக்கு இட்ட பெயரின் முதலெழுத்தே கிலோபைற்றைக் குறிப்பது. அக்காலத்து நொக்கியாத் தொலைபேசிகள் பலவற்றிற் செயலிப் பொதியின் அளவு 64 கிலோபைற்றுக்கு மேற்படக் கூடாது. ஒரு முழு விளையாட்டு, படம், ஒலி, எழுத்து யாவும் அதற்குள் அடங்கவேண்டும். எழுதியோர் செய்த உபாயங்களோ பல. செய்நிரலிலுள்ள நீண்ட பெயர்களையெல்லாம் ஓரெழுத்துப் பெயர்களாகச் சுருக்கும் கருவிகளைப் பாவித்தனர். இருபது சிறு படங்கள் வேண்டுமாயின் அவற்றை ஒரே படமாக ஒட்டி, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக் காட்டினர். ஏனெனில் ஒவ்வொரு படக் கோப்புக்கும் தலைப்புச் செலவு என்று ஒன்று உண்டு. முதற் பதிப்பில் தசம எண்களே கிடையா. ஆகவே ரூபாயைச் சதமாக்கி முழு எண்ணிற் கணக்கிட்டனர். நமது கடைக்காரர்கள் எத்தனையோ காலமாகச் செய்துவந்ததுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். இவ்விடத்திற் சற்று நின்று பேச விரும்புகின்றோம்.

அக்காலத்துத் தொலைபேசிகள் பலவற்றிற் தமிழெழுத்து இல்லை. செயலி தமிழிற் பேசவேண்டுமாயின் எழுத்துருவைத் தானே சுமந்து செல்லவேண்டும். தமிழெழுத்துகள் 247 என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. ஒவ்வோர் எழுத்தையும் 16க்கு 16 புள்ளியுள்ள கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் வரைந்தால் 256 புள்ளி. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைற்றாக 32 பைற்று. 247 எழுத்துக்கும் 7,904 பைற்று. அகலங் கூடிய எழுத்துகளை இக்கணக்கில் விட்டுவிடுவோம். 64 கிலோபைற்றிலே எட்டிலொரு பங்கு, ஒரு சொல்லும் பேசுமுன் எழுத்துக்கே போய்விடுகின்றது.

இங்கே பெரியோர்கள், சிறப்பாக அச்சுக்கூடத்திற் கால் வைத்தவர்கள், உதவிக்கு வருவார்கள். எழுத்துக் கோப்பவர் 'கொ' என்பதற்குத் தனி அச்சு வைத்திருந்தாரா? இல்லை. கொம்பு ஒன்று, ககரம் ஒன்று, கால் ஒன்று. அதே முறையில் எண்ணிப் பார்ப்போம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, உகர ஊகார வரிசைகள் மெய்யுக்கு மெய் வடிவம் மாறுவதால் 36, டி, டீ என்னும் இரண்டு, கால், விசிறி, சுழித்த விசிறி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, புள்ளி என ஏழு. ஔகாரத்துக்குக் கொம்பும் ளகர வடிவமும் முன்னமே உள்ளன. ஆக 76 வடிவங்கள், 2,432 பைற்று. மூன்றிலொரு பங்கிலும் குறைவு. பழைய அச்சில் ணா, றா, னா ஆகியவற்றுக்கும், ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் தனி வடிவம் இருந்தமையால் அக்காலத்துக் கோப்பாளரின் பெட்டியில் இன்னும் சில அறைகள் வேண்டியிருந்தன. எங்ஙனமாயினும், கணினி வல்லார் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணிய சிக்கனத்தை ஈயவெழுத்துக் கோத்தவர் அதற்கு வெகுகாலம் முன்பே செய்துகொண்டிருந்தனர்.

எழுத்தின் உருவம் ஒருபுறமிருக்க, எழுத்தைச் சேமிக்கும் குறியும் இடம் பிடிக்கும். 'வணக்கம்' என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியில் ககரமெய்க்கும் மகரமெய்க்கும் புள்ளி தனிக் குறியாதலால் அது ஏழு குறி. இன்று பெருவழக்கிலுள்ள யூரிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்று, ஆக 21. ஆங்கில எழுத்தொன்றுக்கோ ஒரு பைற்றே போதும். குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைற்று. ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பலாம், தமிழில் 70 குறி மாத்திரமே. தமிழர் பலர் தம் மொழியை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பப் பழகியதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. இக்கணக்கும் ஒரு காரணம் என்றே நாம் எண்ணுகின்றோம். இத்தகைய நெருக்கடிக்குள்ளும் தமிழைத் தொலைபேசிக்குக் கொண்டுவந்தவர்களை மறத்தலாகாது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் ஆக்கிய செல்லினம் 2005இல் வெளிவந்து, தொலைபேசியிற் தமிழிலேயே எழுதி அனுப்ப வழி செய்தது.

மூன்று பைற்று வேண்டாம், நாமே ஒரு பைற்றுக் குறி வகுத்துக்கொள்வோம் என்று இளைஞர் யாரும் இன்று புறப்பட்டுவிடாதீர்கள். பொதுக்குறியை விட்டு விலகிய எழுத்தை மற்றொருவர் வாசிக்கமாட்டார். சேமிக்கும்போது சுருக்குவதற்கு வேறு நல்ல வழிகள் உள்ளன.

இக்காலத்தில் நினைவகம் மலிந்துவிட்டதே, இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2008இல் வெளிவந்த முதல் அண்ட்ரோயிட் தொலைபேசியில் 192 மெகாபைற்று இருந்தது. ஒரு செயலிக்கு 16 மெகாபைற்றே எல்லை. அதன் கமெரா எடுக்கும் படம் 2,048க்கு 1,536 புள்ளி. களஞ்சியத்தில் அது சுருங்கிக் கிடக்கும். திரையிற் காட்ட விரித்தால் ஒரு புள்ளிக்கு நான்கு பைற்றாக 12 மெகாபைற்று ஆகிவிடும். ஒரு படத்தைத் திறந்தால் ஏறத்தாழ எல்லாம் முடிந்தது. இன்றைய 4,000க்கு 3,000 புள்ளிப் படத்துக்கு 4 கோடியே 80 இலட்சம் பைற்று. நினைவகம் வளர்ந்தது உண்மை. படமும் கூடவே வளர்ந்துவிட்டது. நமது நூலட்டைப் படங்கள் திரையிற் பெருவிரல் அளவே தோன்றின. நாமோ ஒவ்வொன்றையும் முழு அளவில் விரித்து வைத்திருந்தோம். வீட்டு வாசலில் ஒரு பூவை வைக்க மரத்தையே வேரோடு கொண்டுவந்தது போல.

ஆக்குவோர் உலகில் இது பற்றிக் கவலையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2013இல் வந்த அண்ட்ரோயிட் 4.4 பதிப்பை 512 மெகாபைற்றில் ஓடும்படி கூகிள் மெலியச் செய்தது. கருவி சிறிதா என்று செயலி கேட்டறியவும் அப்பதிப்பிலேயே வழி வைத்தனர். 1 கிகாபைற்றும் அதற்குக் குறைந்தும் உள்ள தொலைபேசிகளுக்கென 2017இல் கோ என்னும் தனிப் பதிப்பும் வந்தது. வழிகள் உள்ளன. ஆனால் செயலி எழுதுவோன் கையிலிருப்பது எப்போதும் நல்ல தொலைபேசி. பாவிப்போன் கையிலிருப்பது அண்ணன் கழித்ததும், மகன் கழித்ததும். "பழைய போன், புதுசு வாங்கச் சொல்லுங்கோ" என்று நம்முள் ஒருவர் அன்று சொன்னார். சொன்னவர் பெயரைச் சொல்லமாட்டோம். அவர் இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கின்றார். மற்ற மூவரும் அதை அன்று மறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

பின்னர் செய்தது இதுதான். ஐயாவின் தொலைபேசியை ஒரு கிழமைக்கு இரவல் கேட்டோம். அவர் தயங்கித்தான் தந்தார். வேலை முழுவதையும் அதிலேயே செய்து பார்த்தோம். 'சேமி' பொத்தானை எடுத்துவிட்டோம். ஒரு பெயரைத் தட்டி அடுத்த கட்டத்துக்குப் போனதும் அது களஞ்சியத்தில் எழுதப்பட்டுவிடும். படங்களைச் சேர்க்கும்போதே பெருவிரல் அளவாகக் குறைத்து வைத்தோம். ஆயிரம் நூல் இருந்தாலும் திரையிற் தெரியும் எட்டு வரிகளை மாத்திரம் ஆக்கி, மேலே போய் மறைந்த வரியையே கீழே புது வரியாகத் திரும்பப் பாவித்தோம். பின்பு மற்றச் செயலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, நமது செயலியைப் பலமுறை வெளியேறச் செய்து, திரும்ப வந்து பார்த்தோம். முதல் நாள் மூன்று முறை பதிவு தொலைந்தது. காரணங்களைத் தேடித் திருத்தினோம். கிழமை முடிவில் ஒன்றுந் தொலையவில்லை.

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது ஐயா நம்முன்னேயே பத்துப் பெயர்களைப் பதிந்தார். பின்பு மகனைக் கூப்பிட்டுத் தமக்கு ஒரு கோல் எடுக்கச் சொன்னார். பேசி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பத்தும் இருந்தன. கண்ணாடியை உயர்த்தி ஒவ்வொன்றாக வாசித்து, எதிரே கிடந்த கொப்பியிற் சரியடையாளம் இட்டார். கொப்பியை அவர் இன்னும் விடவில்லை. இரண்டிலும் பதிந்து வருகின்றார்.